புழுங்கலரிசிக்குள்ள ஒளிஞ்சிருந்த வைட்டமின்

மலேயாவுல 1900 வாக்குல ஒரு விஷயம் அங்க இருந்த பிரிட்டிஷ் டாக்டருங்கள போட்டு கொழப்பிட்டு இருந்துச்சு. வெள்ளீயச் சுரங்கத்துல வேல பாத்த சீனத் தொழிலாளிங்க கூட்டங் கூட்டமா கால் வீங்கி, நடக்க முடியாம, கடைசில இதயம் செயலிழந்து செத்துட்டு இருந்தாங்க. பெரிபெரின்னு பேரு. அதே ஊரு, அதே மழை, அதே கொசு, ஆனா எஸ்டேட்டுலயும் ரோடு போடுற வேலையிலயும் இருந்த தமிழ் ஆளுங்களுக்கு அது கிட்டத்தட்ட வரவே இல்ல. இவங்க ஒண்ணும் வசதியா விருந்து சாப்பிட்டவங்க கிடையாது, கூலிக்காரங்க, சோறும் கொஞ்சம் பருப்பும் கருவாடும்தான்.

நெகிரி செம்பிலான் மாநிலத்துல சர்ஜனா இருந்த பிராட்டன்னு ஒருத்தர் இத உக்காந்து ஆராய்ஞ்சு பாத்தாரு. சீனத் தொழிலாளிங்க சாப்பிட்டது சயாம்ல (இன்னிக்கு தாய்லாந்து) இருந்து வந்த, மில்லுல நல்லா தீட்டுன வெள்ளை அரிசி. மலாய் கிராமத்து ஜனங்க வீட்டுலயே அப்பப்ப உரல்ல குத்துன அரிசி. தமிழ் ஆளுங்க புழுங்கலரிசி. மத்த ரெண்டு கூட்டத்துக்கும் நோய் இல்ல, வெள்ளை அரிசிக் கூட்டத்துக்கு மட்டும் இருக்கு. ஆனா அவரு போட்ட கணக்கு வேற, அந்த வெள்ளை அரிசி பழசாகி அதுல ஏதோ விஷம் ஊறுதுன்னு நெனச்சாரு. பாதி சரி பாதி தப்பு.

1905 கடைசில கோலாலம்பூர் மனநோய் ஆஸ்பத்திரில ஃபிளெட்சர்னு இன்னொரு டாக்டர் இத சோதிச்சே பாத்தாரு. நோயாளிங்கள வரிசையா நிக்க வெச்சு நம்பர் குடுத்து, ஒத்தப்படை நம்பர் எல்லாம் ஒரு வார்டு, ரெட்டப்படை எல்லாம் எதிர் வார்டு, சாப்பாடு எல்லாம் ஒண்ணு, அரிசி மட்டும் இங்க சயாம் வெள்ளை அரிசி, அங்க இந்தியாவுல இருந்து வந்த புழுங்கலரிசி. வெள்ளை அரிசி வார்டுல 18 பேர் பெரிபெரியில செத்துப்போனாங்க, புழுங்கலரிசி வார்டுல ஒருத்தர் கூட சாகல. அந்த நோயாளிங்க கிட்ட யாரும் சம்மதம் கேட்டிருக்க வாய்ப்பில்ல, இன்னிக்கு இப்படி ஒண்ணு செஞ்சா ஜெயிலுக்குத்தான் போகணும். ஆனாலும் வைட்டமின்னா என்னன்னு புரிஞ்சுக்கறதுக்கு இத விட தெளிவான சம்பவம் எனக்குத் தெரிஞ்சு இல்ல, அதனாலதான் இங்க இருந்து ஆரம்பிச்சேன்.

சரி, அந்த அரிசியில அப்படி என்ன இருந்துச்சு? தயமின், அதாவது வைட்டமின் பி1. நெல்லுல இது பெரும்பாலும் தவிட்டுலயும் முளைப் பகுதியிலயும்தான் இருக்கு, உள்ள இருக்கற வெள்ளைப் பகுதில ரொம்ப கம்மி. பச்ச நெல்ல அப்படியே மில்லுல போட்டு தீட்டுனா தவிடோட சேந்து இதுவும் மாட்டுத் தீவனத்துக்குப் போயிடும். புழுங்கலுக்கு என்ன பண்றோம், நெல்ல உமியோடவே ஊற வெச்சு, அவிச்சு, காய வெச்சு, அப்புறம்தான் அரைக்கிறோம். தயமின் தண்ணில கரையற சமாச்சாரம், அதனால ஊறும்போதும் அவியும்போதும் தவிட்டுல இருந்து கரைஞ்சு அரிசிக்குள்ள எறங்கிடுது, மாவுச்சத்தும் வெந்து இறுகிடறதால மணி கெட்டியாகி, மில்லுல தீட்டும்போதும் அவ்வளவு சுலபமா வெளிய வராது. நம்ம ஊர்ல நெல் அவிச்சவங்க யாரும் வைட்டமினுக்காக அவிக்கல, உமி சுலபமா பிரியும், அரிசி நொறுங்காது, வண்டு சீக்கிரம் வராது, அதுக்காகத்தான் அவிச்சாங்க. "முன்னோர்கள் முட்டாள்கள் இல்லை"ன்னு ஃபார்வேர்டு போடறவங்க இந்த எடத்துல கொஞ்சம் நிதானமா இருக்கணும், அவங்க முட்டாள் இல்லதான், ஆனா தயமின் அவங்களுக்குத் தெரியாது.

கணக்கு போட்டுப் பாப்போம். பழைய இந்திய உணவு அட்டவணைப்படி 100 கிராம் மில் பச்சரிசில தயமின் 0.06 மில்லிகிராம், மில் புழுங்கலரிசில 0.21, கைக்குத்தல் பச்சரிசிலயும் அதே 0.21. ஒரு நாளைக்கு பெரியவங்களுக்குத் தேவை ஒண்ணுல இருந்து ஒண்ணரை மில்லிகிராம். மூணு வேளையும் சோறே கதின்னு 400 கிராம் அரிசி சாப்பிடற கூலித்தொழிலாளிக்கு பச்சரிசில கால் மில்லிகிராம் கூட தேறாது, புழுங்கல்ல 0.84 வந்துடும், மீதிய கொஞ்சம் பருப்பு பாத்துக்கும். வாழ்வா சாவாங்கறது இந்த அரை மில்லிகிராம் வித்தியாசத்துல இருந்துருக்கு.

இந்த அரை மில்லிகிராம் உடம்புக்குள்ள பாக்கற வேல என்னன்னு தெரிஞ்சாதான் மொத்த வைட்டமின் விவகாரமும் புரியும். சோறுல இருந்து வர்ற குளுக்கோஸ் செல்லுக்குள்ள போய் ஒடைஞ்சு பைருவேட்டுன்னு ஒண்ணா மாறுது. அதுக்கு மேல அது மைட்டோகாண்ட்ரியாவுக்குள்ள, அதாவது செல்லுக்குள்ள சக்தி தயாரிக்கற எடத்துக்குள்ள, நுழைஞ்சு முழுசா எரிஞ்சாதான் உருப்படியா சக்தி கிடைக்கும். அந்த வாசல்ல வேல பாக்கற என்சைம் தயமின் இல்லாம நகரவே நகராது. சரக்கு ஏத்திட்டு லாரி வந்து நிக்குது, எறக்கறதுக்கு ஆளு இல்ல, அவ்வளவுதான். தேங்கி நிக்கற பைருவேட் லாக்டிக் ஆசிடா மாறி ரத்தத்துல ஏறுது. ஓயாம சக்தி கேக்கற உறுப்பு எது, இதயமும் நரம்பும் மூளையும், அதனால அடி மொதல்ல அங்கதான் விழுது. கால் மரத்துப்போறதும், வீங்கறதும், இதயம் திணர்றதும் எல்லாம் இதோட வெளி அடையாளம்.

கவனிச்சீங்கன்னா இதுல ஒரு கொடுமை இருக்கு, எவ்வளவு மாவுச்சத்து சாப்பிடறமோ அவ்வளவுக்கு தயமின் தேவையும் ஏறுது. பசிக்குதுன்னு இன்னும் ஒரு கரண்டி வெள்ளைச் சோறு போட்டுக்கிட்டா தட்டுப்பாடு கூடத்தான் செய்யும். உடம்புல மொத்தமா 25, 30 மில்லிகிராம்தான் கையிருப்பு, ரெண்டு மூணு வாரம் தாங்கும். இன்னிக்கும் ரொம்ப நாளா குடிக்கறவங்களுக்கு, சாப்பாடும் சரியா இல்லாம குடலும் உறிஞ்சாம, இந்தத் தட்டுப்பாடு வருது, கண்ணு ஒரு பக்கம் இழுக்கும், நடை தள்ளாடும், பேச்சு கொழறும். போதைனு நெனச்சு விட்டுடுவாங்க. அந்த நிலையில தயமின் ஊசி போடாம வெறும் குளுக்கோஸ் டிரிப் மட்டும் ஏத்துனா மூளை பாதிப்பு மோசமாகலாம்னு மருத்துவப் புத்தகங்கள்லயே எச்சரிக்கை இருக்கு. குளுக்கோஸ் ஏத்துனா தெம்பு வரும்னு நம்ம ஊர்ல ஒரு நம்பிக்கை உண்டே, அத நெனச்சா எனக்கு கொஞ்சம் பயமாதான் இருக்கும்.

இத கண்டுபிடிச்ச கதையில நம்ம பக்கத்து ஆளுங்களும் ஊருங்களும் அங்கங்க தல காட்டுது. ஜாவாவுல ஐக்மான்னு டச்சுக்கார டாக்டர், அவரோட கோழிங்களுக்கு மிலிட்டரி ஆஸ்பத்திரியில மிஞ்சுன வெள்ளைச் சோத்தப் போட்டுட்டு இருந்தப்ப எல்லாம் கால் இழுத்துக்கிச்சு, புதுசா வந்த சமையக்காரர் "மிலிட்டரி அரிசி சிவில் கோழிக்கு கிடையாது"ன்னு நிறுத்துனதும் தீட்டாத அரிசிக்கு மாத்த வேண்டியதாகி, கோழி எல்லாம் எழுந்திரிச்சிடுச்சு. அவருக்கு 1929-ல நோபல் கிடைச்சது, ஆனா அவரும் அரிசில விஷம் இருக்கு, தவிடு அதுக்கு மாத்து மருந்துன்னுதான் மொதல்ல நெனச்சாரு, 1901-ல "விஷமெல்லாம் இல்ல, ஏதோ ஒண்ணு கொறையுது"ன்னு சரியா சொன்னது அவருக்கு அப்புறம் அங்க வேல பாத்த கிரைன்ஸ். அந்தக் காலத்துல நோய்னா கிருமி, இல்லன்னா விஷம், ஏதோ ஒண்ணு உள்ள வந்தாதான் நோய் வரும், இல்லாம போறதால நோய் வரும்ங்கற நெனப்பே பல பேருக்கு ஏறல.

நம்ம பக்கம் குன்னூர். 1918-ல பாஸ்டர் இன்ஸ்டிடியூட்ல ஒரே ஒரு ரூம்ல மெக்கேரிசன்னு ஒரு பிரிட்டிஷ் டாக்டர் ஆரம்பிச்ச ஆராய்ச்சிக்கு பேரே பெரிபெரி விசாரணை. அதுதான் வளந்து நியூட்ரிஷன் ரிசர்ச் லேபரட்டரீஸ் ஆகி, 1958-ல ஹைதராபாத் போய், இன்னிக்கு தேசிய ஊட்டச்சத்து நிறுவனமா இருக்கு. நீங்க என்ன சாப்பிடணும்னு நாட்டுக்கே கணக்கு சொல்ற ஆபீஸ் நீலகிரி மலைல அரிசிப் பிரச்சினையில பொறந்தது. அன்னிக்கு மெட்ராஸ் மாகாணத்துலயே வடக்குக் கடலோரம், இப்ப ஆந்திராவுல இருக்கற பகுதில மில் பச்சரிசி சாப்பிட்ட எடங்கள்ல பெரிபெரி இருந்துச்சு, தெக்கே புழுங்கல் சாப்பிட்ட ஜில்லாக்கள்ல அந்த அளவுக்கு இல்ல. இன்னொண்ணு, தயமினோட வேதி அமைப்ப கண்டுபிடிச்சு 1936-ல லேப்ல செஞ்சு காட்டுன ராபர்ட் வில்லியம்ஸ் அமெரிக்கர்தான், ஆனா பொறந்தது நெல்லூர்ல, அப்பா அம்மா மிஷனரிங்க.

இப்ப பெரிபெரி நம்ம ஊர்ல பெருசா இல்ல, அதுக்குக் காரணம் அரிசி மட்டுமே கிடையாது, தட்டுல பருப்பு, கடலை, முட்டை, மீன்னு நாலு பொருள் சேந்ததுதான் பெரிய காரணம். அதனால பொங்கலுக்கு பச்சரிசி வாங்கறவங்க பதற வேண்டாம். ஆனா அரிசிய அஞ்சாறு தடவ கழுவி, நெறய தண்ணில வேக வெச்சு, கஞ்சிய வடிச்சு கீழ ஊத்துனா இருக்கற பி வைட்டமின்ல ஒரு பங்கு அதோட போகும். வடிகஞ்சிய உப்பு போட்டு குடிச்ச தலைமுறைக்கு அந்தச் சத்து திரும்பக் கிடைச்சுடுச்சு. குக்கர்ல அளவா தண்ணி வெச்சு வேக வெச்சாலும் இந்த நஷ்டம் இல்ல, கிராமம் நல்லது நகரம் கெட்டதுன்னெல்லாம் இதுல ஒண்ணும் இல்ல.

இங்க வைட்டமினையும் மினரலையும் பிரிச்சுப் பாக்கணும். வைட்டமின்ங்கறது செடியோ, விலங்கோ, கிருமியோ செய்யற மூலக்கூறு, சூடு, வெளிச்சம், தண்ணி பட்டா சிலது அழிஞ்சுடும், கரைஞ்சுடும். மினரல் அப்படி இல்ல, இரும்புன்னா இரும்புதான், கால்சியம்னா கால்சியம்தான், எவ்வளவு வறுத்தாலும் அழியாது. அதனால மினரல்ல பிரச்சினை வேற எடத்துல இருக்கு, தட்டுல இருக்கறது ரத்தத்துக்குப் போகுதாங்கறதுல.

இரும்புதான் இதுக்கு நல்ல சாட்சி. 2019-21 தேசிய குடும்பநல சர்வேயில தமிழ்நாட்டுல 15-49 வயசுப் பெண்கள்ல 53.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. பாதிக்கு மேல. இத்தனைக்கும் முருங்கக்கீரை தெருவுக்குத் தெரு கிடைக்கற ஊரு. ரத்தசோகைக்கு இரும்பு மட்டுமே காரணம் இல்ல, ஆனா பெரிய காரணம் அதுதான். உடம்புல மொத்தம் இருக்கற இரும்பே மூணு நாலு கிராம், அதுல மூணுல ரெண்டு பங்கு ஹீமோகுளோபின்ல, ஆக்சிஜன தூக்கிட்டுப் போற வேலையில. தினமும் நமக்கு உள்ள போக வேண்டியது ஒண்ணு ரெண்டு மில்லிகிராம்தான். அப்புறம் ஏன் பெண்களுக்கு ஒரு நாளைக்கு 29 மில்லிகிராம் சாப்பிடணும்னு 2020 பரிந்துரைல போட்டிருக்காங்க? ஏன்னா நம்ம சைவச் சாப்பாட்டுல இருக்கற இரும்புல பத்துல ஒரு பங்கு கூட ஏறாதுன்னு வெச்சுதான் அந்தக் கணக்கு. தானியத்துலயும் பருப்புலயும் இருக்கற ஃபைட்டேட்டும், டீ காபில இருக்கற டானினும் இரும்பப் புடிச்சு வெச்சுக்கும். கறி, ஈரல், மீன்ல இருக்கற ஹீம் இரும்பு இந்தத் தொல்லையெல்லாம் தாண்டி நல்லாவே ஏறும்.

வைட்டமின் சி இங்க தலையிடுது, குடல்ல இரும்ப உறிஞ்சத் தோதான வடிவத்துக்கு மாத்தி வெக்குது. அதனால கீரைக்கூட்டு சாப்பிடற அன்னிக்கு ஒரு எலுமிச்ச பிழிஞ்சுக்கறதோ, பின்னாடி கொய்யா திங்கறதோ நெசமாவே உபயோகம். சாப்பிட்ட கையோட டீ குடிக்கறது நெசமாவே நஷ்டம், ஒரு மணி நேரம் தள்ளிக் குடிச்சா போதும். ஐயர்ன் மாத்திரையும் கால்சியம் மாத்திரையும் ஒண்ணா வாயில போட்டு டீ குடிச்சு முழுங்கற கர்ப்பிணிங்கள பாத்தா பாவமா இருக்கும், ரெண்டு மாத்திரையும் குடுத்து அனுப்பறவங்க ஒண்ண காலைல, ஒண்ண ராத்திரின்னு ஒரு வார்த்த சேத்துச் சொன்னா என்னவாம். இட்லி தோசை மாவு புளிக்கறப்ப ஃபைட்டேட் கொறையுது, பயறு முளை கட்டுனாலும் கொறையுது, கேழ்வரகுல கால்சியம் 100 கிராமுக்கு 300 மில்லிகிராமுக்கு மேல இருந்தாலும் அதுலயும் இதே ஃபைட்டேட் கதை உண்டு, கூழ் புளிக்க வெச்சுக் காய்ச்சினா கொஞ்சம் சாதகம்.

இரும்பு சேந்தா வெளிய தள்ள உடம்புல தனியா வழி கிடையாது, அதனால குடல்லயே கேட் போட்டு, தேவைன்னா உள்ள விடும், இல்லன்னா மூடிக்கும். தலசீமியாங்கற பரம்பரை ரத்த நோய் இருக்கறவங்களுக்கு, அதுலயும் அடிக்கடி ரத்தம் ஏத்தறவங்களுக்கு, இரும்பு ஏற்கனவே வழிஞ்சு உறுப்புங்கள்ல படிஞ்சுட்டு இருக்கும், சோர்வா இருக்குன்னு அவங்க தானா ஐயர்ன் டானிக் வாங்கிக் குடிக்கக் கூடாது.

ரத்தசோகையில இன்னொரு கிளை ஃபோலேட்டும் (மாத்திரையில வர்ற வடிவத்துக்குப் பேரு ஃபோலிக் ஆசிட்) பி12-ம். 1928-ல லூசி வில்ஸ்னு ஒரு பிரிட்டிஷ் டாக்டரம்மா பம்பாய் வந்து, மில் தொழிலாளர் வீட்டு கர்ப்பிணிங்களுக்கு வர்ற ஒரு வகை ரத்தசோகைய ஆராய்ஞ்சாங்க, குன்னூர் லேப்லயும் வேல பாத்தாங்க. எதுக்கும் மசியாத அந்த ரத்தசோகை ஈஸ்ட்ல இருந்து எடுக்கற மார்மைட்ட குடுத்ததும் சரியாச்சு. அதுக்குள்ள இருந்தது ஃபோலிக் ஆசிட்னு அப்புறம்தான் தெரிஞ்சது, அத 1945-ல அமெரிக்காவுல லேப்ல உருவாக்குன டீமுக்குத் தலைவர் எல்லாப்ரகட சுப்பாராவ், மெட்ராஸ் மெடிக்கல் காலேஜ்ல படிச்சவரு. காதி போட்டாருன்னு எம்பிபிஎஸ்ஸே குடுக்காம சின்ன பட்டம் குடுத்து அனுப்புன ஆளு. டிஎன்ஏ எழுதறதுக்கு ஃபோலேட் வேணும், அதனால வேகமா பெருகற எடத்துல, ரத்தம் ஊறற எலும்பு மஜ்ஜையிலயும் கருவுலயும், தட்டுப்பாடு ஒடனே தெரியும். கருவோட முதுகுத்தண்டுக் குழாய் கரு உருவான 28 நாளுக்குள்ள மூடிடுது, பல பேருக்கு கர்ப்பம்னே தெரியாத சமயம், அதனாலதான் குழந்தைக்குத் திட்டம் போடும்போதே ஃபோலிக் ஆசிட் ஆரம்பிக்கச் சொல்றாங்க. டாக்டர் உறுதி பண்ண அப்புறம் ஆரம்பிச்சா அந்தக் குறிப்பிட்ட வேலைக்கு லேட்.

பி12 செடியில கிடையாது. கிருமிங்க செய்யறது, விலங்கு வழியா நமக்கு வருது, பால், முட்டை, மீன், கறி. ஸ்பைருலினாவுல இருக்குன்னு விக்கறாங்க, அதுல பெரும்பாலும் உடம்புக்கு உதவாத போலி வடிவம். கல்லீரல்ல வருஷக்கணக்குல தாங்கற சேமிப்பு இருக்கறதால பால்கூட தொடாத சைவத்துக்கு மாறுனவங்களுக்கு தட்டுப்பாடு தெரிய சில வருஷம் ஆகும், அதுக்குள்ள "பாருங்க எனக்கு ஒண்ணும் ஆகல"ன்னு வீடியோ போட்டிருப்பாங்க. இதுல ஒரு பொறி இருக்கு: பி12 கொறஞ்சு வர்ற ரத்தசோகைய ஃபோலிக் ஆசிட் மாத்திரை சரி பண்ணிடும், ஆனா நரம்புச் சேதம் உள்ளுக்குள்ள நடந்துக்கிட்டே இருக்கும். ரத்த டெஸ்ட் நல்லா இருக்கு, கால் மட்டும் எரியுது, மரத்துப்போகுது. சுகருக்கு பல வருஷமா மெட்ஃபார்மின் சாப்பிடறவங்களுக்கும் பி12 எறங்கும், கால் எரிச்சல் எல்லாத்தையும் சுகர் மேலயே போட்டுடாம ஒரு தடவ பி12 பாக்கச் சொல்லிக் கேளுங்க.

இப்ப ரேஷன் அரிசிக்கு வருவோம். சாதத்துல சில மணி வேற மாதிரி இருக்கு, தண்ணில மெதக்குது, பிளாஸ்டிக் அரிசின்னு வாட்ஸ்அப்ல ஓடுச்சே, அது செறிவூட்டப்பட்ட அரிசி மணி. அரிசி மாவுல இரும்பு, ஃபோலிக் ஆசிட், பி12 மூணையும் கலந்து, திரும்ப அரிசி வடிவத்துல மெஷின்ல பிழிஞ்சு எடுத்து, 100-க்கு ஒண்ணுன்னு சாதா அரிசில கலக்கறது. பிழிஞ்சு செஞ்சதால அடர்த்தி கம்மி, அதான் மெதக்குது. மெதக்கறத பொறுக்கி எறிஞ்சா சத்தத்தான் எறியறோம். மில்லுல தீட்டி வெளிய தள்ளிட்டு அப்புறம் மெஷின் வெச்சு உள்ள போடறது பாக்க சிரிப்பாதான் இருக்கு, ஆனா பி12 நெல்லுல எப்பவுமே இருந்தது கிடையாது, அதனால "பழைய அரிசிக்குத் திரும்புனா போதும்"ங்கறதும் முழு பதில் இல்ல. எனக்கு இருக்கற கேள்வி வேற, அந்த மணியில கட்டாயம் சேக்க வேண்டிய பட்டியல்ல இந்த மூணுதான், தயமின் இஷ்டப்பட்டா சேக்கலாம்ங்கற லிஸ்ட்ல இருக்கு. இரும்பையும் சோறு மூலமா மட்டும் ஏத்தி ரத்தசோகைய எறக்க முடியும்னு எனக்குத் தோணல, கொக்கிப்புழுவும் மாதவிடாய் ரத்தப்போக்கும் அந்தப் பக்கம் ஓட்ட போட்டுட்டு இருக்கறப்ப.

சேத்துக் குடுத்து ஜெயிச்சதுன்னா அயோடின்தான். தைராய்டு ஹார்மோனுக்கே அயோடின்தான் மூலப்பொருள், இல்லன்னா கழுத்துல கழலை, அத விட மோசம் வயித்துல இருக்கற குழந்தையோட மூளை வளர்ச்சி. 1956-ல இமாச்சல் பக்கம் காங்ரா பள்ளத்தாக்குல ராமலிங்கசாமிங்கற டாக்டர் தலைமையில உப்புல அயோடின் கலந்து குடுத்துப் பாத்தாங்க, கழலை கொறஞ்சது, அப்புறம் நாடு முழுக்க வந்துச்சு. உப்பு நல்ல தேர்வு, ஏழையோ பணக்காரரோ தினமும் ஏறக்குறைய ஒரே அளவுதான் சாப்பிடுவாங்க. கல்லுப்புதான் இயற்கை, அதுதான் ஒசத்தின்னு மாறுனவங்க பாக்கெட்ல அயோடின் கலந்ததுன்னு போட்டிருக்கான்னு ஒரு தடவ பாத்துக்கோங்க, கடல்ல இருந்து வந்தாலும் உப்புல தானா இருக்கற அயோடின் பேருக்குத்தான்.

கடைசியா மாத்திரை. தண்ணில கரையற பி, சி எல்லாம் கூடுனா பெரும்பாலும் சிறுநீர்ல போயிடும், மல்டிவைட்டமின் போட்ட அன்னிக்கு மஞ்சளா போறது பி2, பயப்பட ஒண்ணும் இல்ல. கொழுப்புல கரையற ஏ, டி, ஈ, கே அப்படி இல்ல, சேந்துக்கும். அதுல டி-ய நம்ம ஊர்ல 60,000 யூனிட் கேப்சூல், பவுடர் பாக்கெட்டா குடுக்கறாங்க, அது வாரத்துக்கு ஒண்ணு. சீட்டுல இருக்கறது புரியாம தினமும் ஒண்ணு போட்டு, ரத்தத்துல கால்சியம் ஏறி, வாந்தி, மலச்சிக்கல், குழப்பம்னு ஆஸ்பத்திரில சேர்றவங்க இருக்காங்க, சில பேருக்கு கிட்னியே அடிவாங்குது. வீட்டுல பெரியவங்களுக்கு அந்தப் பாக்கெட் வாங்கிக் குடுத்தா, எந்தக் கிழமைன்னு மேலயே பேனாவால எழுதிக் குடுங்க, எட்டு வாரமோ பத்து வாரமோ டாக்டர் சொன்னதோட நிறுத்திட்டு அடுத்த டோஸுக்கு அவர கேட்டுட்டு வாங்குங்க.